சரக்கு இரயிலையும் படம் பிடிக்கலாமே

மின்சார இரயில் 2025-ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவை எட்டியது. புதிய இரயிலைப் படம் எடுக்க ஆர்வம் காட்டியவர்கள் பலர். அதே பாதையில் கொள்கலன்களை இழுத்துச் செல்லும் டீசல் இயந்திரத்தைத் திரும்பிப் பார்ப்பவர்களோ மிகச் சிலர். இந்தச் சிலர் வீண்வேலை செய்வதாகக் கருதுவது தவறு.

கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் நிறைவுபெற்றது. நூறாண்டுக்கும் மேலாக அது ஒற்றைப் பாதையாகவே இருந்தது. எதிரே வரும் இரயிலுக்கு வழிவிட, சரக்கு இரயில் சிறு நிலையங்களில் ஒதுங்கி நிற்கும். லாபிஸ், பெக்கோக், பாலோ, ரெங்கம் போன்ற சிற்றூர் மக்களுக்கு அது பழகிய காட்சி. இரட்டைப் பாதை வந்தபின் அக்காட்சி மாறிவிட்டது. குளுவாங் நிலையத்தில் 1938-இல் தொடங்கிய காப்பிக் கடை இன்றும் புகழ்பெற்றது. அங்குக் காப்பிக் குவளையைப் படம் எடுக்க மறக்காதவர்கள் தண்டவாளத்தை மறந்துவிடுகிறார்கள்!

தோட்டங்களில் இழப்பு இன்னும் பெரிது. விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரியும் செம்பனைக் குலைகளைச் சுமந்த டிராக்டரும் கொட்டகை ஓரம் துருப்பிடித்து நிற்கின்றன. பழைய இரும்பு வாங்குபவர் வந்தால் ஒரே நாளில் காணாமற்போகும். தோட்டத்தை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிடம் திருமணப் படங்கள் இருக்கும். தாத்தா பல்லாண்டுகள் ஓட்டிய டிராக்டரின் படம் இருப்பது அரிது. அன்று படச்சுருளுக்குக் காசு வேண்டும். டிராக்டருக்காக யார் செலவழிப்பார்? இன்று கைப்பேசி அந்தத் தடையை நீக்கிவிட்டது.

துருப்பிடித்த வண்டியின் படத்தால் என்ன பயன் எனக் கேட்கலாம். அப்படத்தைப் பாட்டியிடம் காட்டினால் போதும். லாரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் நெருக்கியடித்து ஏறினார்கள், மழைநாளில் எந்த மேட்டில் சிக்கிக்கொண்டது என்று செய்திகள் தொடர்ந்து வரும். இடம், நாள், வண்டியின் வகை, ஓட்டியவர் பெயர் ஆகியவற்றோடு இச்செய்திகளையும் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிடில் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய வண்டிதான்.

ஆர்வ மிகுதியால் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. மின்சார இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. நடைமேடையில் மஞ்சள் கோட்டிற்குப் பின்னால் நின்றே சரக்கு இரயிலை நன்றாகப் படம் எடுக்கலாம். தோட்டத்திற்குள் செல்ல நிர்வாகத்தின் அனுமதி தேவை. அனுமதி கிடைத்தால், அந்த டிராக்டரை ஓட்டிய பெரியவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவர் வண்டியருகே நிற்கட்டும்; படம் அதன்பின் எடுக்கப்படட்டும்.