சரிபார்ப்பை அணைக்காதீர்கள்!

மாணவர்களே, பள்ளித் திட்டப்பணிக்காக நீங்கள் எழுதிய நிரல் சேவையகத்துடன் இணைய மறுக்கிறது. "சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை" என்கிறது. நாளை ஒப்படைக்க வேண்டும். "சரிபார்ப்பையே அணைத்துவிடு, ஒரு வரிதான்" என்கிறார் நண்பர். அணைத்தால் நிரல் ஓடிவிடும். இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

சான்றிதழ் என்பது சேவையகத்தின் அடையாள அட்டை. அதைப் பார்க்காத நிரல், இடையில் புகுந்த எவரிடமும் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும்.

காரணம் பெரும்பாலும் எளியதுதான். முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். ராஸ்பெரி பை 4இல் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும்வரை அது பழைய தேதியைக் காட்டக்கூடும். அப்போது நேற்று வழங்கப்பட்ட சான்றிதழ்கூட 'இன்னும் செல்லாது' என்றாகிவிடும்.

தனிச் சாவி ஏற்றப்படவில்லையா? லினக்ஸில் அந்தக் கோப்பை மற்றவர்களும் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. அனுமதியை 644இலிருந்து 600க்கு மாற்றுங்கள். உங்களால் மட்டுமே படிக்க முடியும். 777 என்று எல்லாருக்கும் திறந்துவிட்டால் பிழை தீராது. சேவையகம் அமைப்பவர்கள், சான்றிதழுக்கும் தனிச் சாவிக்கும் பொருத்தம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். சான்றிதழைப் புதிய சாவியுடன் புதுப்பித்துவிட்டுப் பழைய சாவியையே விட்டுவைப்பது வழக்கமான தவறு.

உதவி கேட்கும்போது பிழைச் செய்தியை மட்டும் அனுப்புங்கள், சாவியை அனுப்பாதீர்கள். தவறி அனுப்பினால், செய்தியை அழிப்பது போதாது. பழைய சாவியைச் சேவையகத்திலிருந்து நீக்கிப் புதியது உருவாக்குங்கள்.

பிழைச் செய்தியை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.