லேசர் போட்ட தோலில் எதைப் பூசுகிறார்கள்? கேளுங்கள்!

'கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. பொண்ணு முகத்துல பருத் தழும்பு அப்படியே இருக்கு. பேசாம லேசர் போட்டுடலாமா?'

இந்தக் கேள்வி இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறது. பதில் சொல்லவும் தெருவுக்கு ஒரு 'ஸ்கின் கிளினிக்' காத்திருக்கிறது. ஆறு சிட்டிங், பேக்கேஜ் ரேட், கூடவே ஒரு சீரம் இலவசம்!

லேசரே வேண்டாம் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. சரியான கையில் அது அருமையான கருவி. ஆனால் யார் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள், போட்ட பிறகு அந்தத் தோலின் மேல் எதைப் பூசுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் நீங்கள் அந்தப் படுக்கையில் படுக்கக் கூடாது என்பது என் கட்சி. முதல் இரண்டையாவது சிலர் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் அபூர்வம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1960-ல் தியோடர் மெய்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி முதல் லேசரை உண்டாக்கினார். அடுத்த சில வருடங்களிலேயே சின்சினாட்டி நகரத்துத் தோல் டாக்டர் லியோன் கோல்ட்மேன் அதைத் தோலில் பயன்படுத்திப் பார்த்தார். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு டாக்டர்கள் இதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். ஒவ்வொரு நிறமும் குறிப்பிட்ட வகை ஒளியை அதிகமாக உறிஞ்சும். அதற்கேற்ற ஒளியை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குப் பாய்ச்சினால், வேண்டாததை மட்டும் சுட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிடலாம். வெயிலில் கறுப்புக் குடை வெள்ளைக் குடையைவிட அதிகமாகச் சூடாகிறது அல்லவா? அதே கதைதான்.

நமக்கு இடிப்பதும் இந்தக் கறுப்புக் குடைதான். முடியின் வேரில் இருக்கும் மெலனின் நிறமிதான் நம் தோலிலும் தாராளமாக இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் தோலுக்குச் சரியான அளவை நம் தோலில் வைத்தால், முடியோடு சேர்த்துத் தோலும் சுடும். கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஓரளவு பாதுகாப்பானது. 'எந்த மெஷின் சார்?' என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத இடமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்! மங்குக்கு லேசர் போட்டு, அது முன்னைவிடக் கறுத்துத் திரும்புவதும் உண்டு. மங்குக்கு முதல் வைத்தியம் வெயில் படாமல் பார்த்துக்கொள்வதும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் களிம்பும்தான்.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

நம் தோலின் மேல்பரப்பு ஒரு காம்பவுண்டு சுவர். செத்துப் போன செல்கள் செங்கல். இடையிலே கொழுப்பு, சிமென்ட் மாதிரி. கனம் 10 முதல் 20 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெல்லிசு. ஆனாலும் கில்லாடிச் சுவர். மூலக்கூறு எடை ஏறக்குறைய 500 டால்டனுக்கு மேல் போனால் உள்ளே விடாது என்பது பொதுவான கணக்கு. இருதய நோயாளிகளின் நைட்ரோகிளிசரின் பட்டை, சிகரெட்டை விடுபவர்களின் நிகோடின் பட்டை இவையெல்லாம் சின்ன மூலக்கூறுகள், நுழைந்துவிடும். இன்சுலின் 5,800 டால்டன். அதனால்தான் தாத்தாவுக்கு இன்னமும் ஊசி. கொலாஜன் சுமார் 3 லட்சம்! அதைக் களிம்பாக முகத்தில் தடவினால் எவ்வளவு உள்ளே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சுவரில் லேசரால் துளை போட முடியும். 2004-ல் 'ஃப்ராக்ஷனல்' என்ற முறை வந்தது. தோல் முழுவதையும் சுடாமல், புள்ளி புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான தூண்களாகச் சுடுவது. நடுவே நல்ல தோல் மிச்சமிருப்பதால் காயம் சீக்கிரம் ஆறும். கார்பன் டை ஆக்சைடு, எர்பியம் லேசர்கள் நிஜமான துளையே போட்டுவிடும். அந்தத் துளை வழியாக மருந்தை இறக்கினால் என்ன என்று டாக்டர்கள் யோசித்தார்கள். நல்ல யோசனை!

இதனால் யாருக்கு லாபம் என்றால், என்னைப் பொறுத்தவரை முதல் இடம் தீக்காயத் தழும்புக்காரர்களுக்கு. அடுப்பங்கரை விபத்து, தீபாவளிப் பட்டாசு, கொதிக்கும் ரசம் கொட்டிய குழந்தை என்று நம் ஊரில் இதற்குக் குறைச்சலே இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காயம் ஆறிவிடும், தழும்பு தடித்து, அரித்து, இழுத்துக்கொண்டு விரலை மடக்க விடாது. தடித்த தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கல் மாதிரி இருக்கும் இடத்தில் ஊசி ஏறவே ஏறாது. குழந்தைகள் துடித்துப் போய்விடும். அதற்குப் பதிலாக ஃப்ராக்ஷனல் லேசரால் துளை போட்டு, அதே டிரையாம்சினோலோன் மருந்தைச் சொட்டு விட்டால் பரவலாக உள்ளே இறங்குகிறது. 2013-ல் அமெரிக்காவில் 15 பேருக்கு இப்படிச் செய்து, தழும்பு இளகியதாக எழுதினார்கள். 15 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் வழி சரியான வழி. முழுக்க இழுத்துப் பிடித்த தழும்புக்கு ஆபரேஷன்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் ஆதங்கம் இதுதான். முகம் வெளுக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஏ.சி. அறையில் லேசர் தயாராக இருக்கிறது. கை மடங்காத பெண்ணுக்கு 'இதோட பழகிக்கோம்மா' என்ற ஆறுதல் கிடைக்கிறது!

இப்போது ஆபத்து. துளை போட்ட சுவருக்கு யார் நல்லவன், யார் திருடன் என்று தெரியாது. மருந்து போகிற வழியில் வாசனைப் பொருள், கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனம், கிருமி எல்லாம் போகும். மேல்பூச்சுக்கென்று தயாரித்த களிம்பு, உள்ளே இறக்கத் தயாரித்தது அல்ல. 2014-ல் அமெரிக்க டாக்டர்கள் மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். லேசர் அல்ல, நுண்ணூசி வைத்து முகத்தில் துளை போட்டுச் சீரம் தடவியவர்கள். முகமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தடித்துவிட்டது. துளை எதனால் போட்டாலும் துளைதானே? பேக்கேஜோடு வரும் அந்த இலவச சீரத்தை இதனால்தான் நான் சந்தேகிக்கிறேன்.

இன்னொன்று, மரத்துப் போகும் கிரீம். 'வலிக்காது, இதைத் தடவிக்கிட்டு வாங்க' என்று கொடுப்பார்கள். அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர் காலில் முடி நீக்க லேசருக்குப் போகும் முன், மருந்துக் கடையில் கலந்து கொடுத்த வீரியமான மரப்பு கிரீமைக் கால் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டார்கள். மருந்து ரத்தத்தில் அளவு மீறிக் கலந்து, வலிப்பு வந்து, நினைவிழந்து, இறந்தே போனார்கள். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-ல் பகிரங்கமாக எச்சரிக்கை வெளியிட்டது. இத்தனைக்கும் துளை போடாத தோல் அது! ஆகவே கிரீம் எவ்வளவு, எவ்வளவு நேரம், எவ்வளவு இடத்தில் என்பதை டாக்டர் சொல்லட்டும். வரவேற்பறைப் பெண் சொல்ல வேண்டாம். பிளாஸ்டிக் தாள் சுற்றுவதை நீங்களாக ஒருபோதும் செய்யாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பாட்டி வைத்தியமும் வேண்டாம். மஞ்சள், எலுமிச்சை, சந்தனம், கற்றாழை எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் கொடுத்தது மட்டும். சன்ஸ்கிரீன் எப்போது ஆரம்பிப்பது என்று அவரிடமே கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பருவுக்கு ஐசோடிரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டாலோ, காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்பாக இருந்தாலோ, உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். போர்டில் எம்.டி. அல்லது டிப்ளமா தோல் மருத்துவம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அவரே உள்ளே வந்து போடுகிறாரா என்றும் பாருங்கள்.

தீக்காயத் தழும்புள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு தகவல். இன்ஷ்யூரன்ஸ் பாலிசிகளில் அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று போட்டிருக்கும். ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கு அதே விதியில் விலக்கு உண்டு. ஆஸ்பத்திரியில் சேராமல் செய்தால் தருவார்களா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். டாக்டர் சீட்டில் வெறும் 'லேசர்' என்று இல்லாமல், 'தீக்காயத் தழும்பு, வலது கை விரல் மடங்கவில்லை' என்பது மாதிரி உள்ளது உள்ளபடி விவரமாக எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.