மேரி எழுந்தது, சபை எங்கே?

ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனால் மேரி கட்டடத்தைப் பார்க்கலாம். உயர்ந்த தூண்வரிசை, அகன்ற தாழ்வாரம், கடலை நோக்கிய கம்பீரமான முகப்பு! அழகை நாம் பழிக்கவில்லை. அதற்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தது நம் பாட்டன் பாட்டிமார்தான்.

1870-71இல் பிரெஞ்சு சர்க்கார் அதைக் கட்டியது. இங்கிலீஷ்காரன் சென்னையில் மாகாணக் கல்லூரியை எழுப்பிய அதே காலம். எஜமானர்கள் இருவர், மோகம் ஒன்றே! 1880இல் கொம்யூன்கள் ஏற்பட்டன. தேர்தலும் வந்தது. ஆனால் வெள்ளையருக்குத் தனி வாக்காளர் பட்டியல், நமக்குத் தனிப் பட்டியல். கைப்பிடியளவு பேருக்குக் கூடை நிறைய ஸ்தானங்கள்!

ஆயினும் பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவு என்று ஜனங்கள் ஏறி இறங்கிய படிகள் அவை. 1954 மார்ச்சில் புதுச்சேரிக் கொம்யூன்களின் மேயர்கள் இந்தியாவுடன் சேரத் தீர்மானம் போட்டார்களே, அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? உள்ளூரில் சபை இருந்ததால் வந்தது.

பிறகு நடந்தது என்ன? பராமரிப்பின்றி விட்டார்கள். 2014 நவம்பர் 29 அன்று பெருமழையில் கட்டடம் இடிந்து விழுந்தது. மழையின் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாமா? வருஷக்கணக்கில் ஒழுகிய கூரையை மழையா கவனிக்காமல் விட்டது?

உலக வங்கிக் கடனில், சுமார் 15 கோடி ரூபாய் செலவில், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்து வைத்தார். ஆகா, என்ன வைபவம்! ஆனால் உள்ளே உட்கார அன்று ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது!

1968இல் நகரசபைத் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல். இடையே 38 ஆண்டுகள்! அந்தச் சபைகளின் காலமும் 2011இல் முடிந்தது. நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போயிற்று. 2021இல் தேர்தல் தேதி அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டில் குளறுபடி, கோர்ட்டில் வழக்கு, தேர்தல் நின்றது.

இது பட்டணத்துக்காரர் விவகாரம் என்று வயலில் நிற்கும் தோழர் நினைக்க வேண்டாம். நம் உழவர்கரை நகராட்சிக்கும், வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் இதே கதிதான். சாக்கடை தேங்கினால், தெருவிளக்கு எரியாவிட்டால் யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது? அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். வார்டு மெம்பர் நம் தெருவில்தானே குடியிருக்க வேண்டும்!

இடிந்த சுவரை எழுப்ப ஏழு வருஷத்துக்குள் முடிந்தது. வாக்குப்பெட்டி வைக்க மட்டும் ஏன் கை வரவில்லை? சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.