தண்ணி குடிக்காத பயணம்

மார்கழி, தை மாசத்துல ஊட்டிக்குக் கிளம்புறோம்னா எங்க வீட்டுல ஆளுக்கொரு வேலை. வீட்டுக்காரர் டயர்ல காத்து பார்ப்பார், வைப்பர் பார்ப்பார், பனிக்கு ஃபாக் லேம்ப் எரியுதான்னு பார்ப்பார். நான் முந்தின நாள் ராத்திரியிலேருந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுடுவேன்.

ஆமாங்க. ஸ்வெட்டர், மஃப்ளர் எடுத்து வைக்கிறதெல்லாம் அப்புறம். காலையில காபி கிடையாது. இட்லிக்கு ஒரு வாய் தண்ணி, அவ்வளவுதான். வழியில எங்க போறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமத்தான் பொம்பளைங்க மேட்டுப்பாளையத்தைத் தாண்டுறோம். நம்பலைன்னா உங்க வீட்டுலயே கேட்டுப் பாருங்க. உங்க அம்மாவும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க, உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க.

ஆம்பளைங்க கல்லாறு தாண்டினதும் ஏதாவது ஒரு வளைவுல வண்டியை ஓரங்கட்டி, மரத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டு வந்துடுறாங்க. அதுவும் தப்புதான், யானை நடமாடுற காடு அது. ஆனா அவங்களுக்கு அந்த வழியாவது இருக்கு. எங்களுக்கு?

இதுல குளிர் வேற. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் ரோட்டுல அவ்வளவு உயரம் ஏறுறோம். குளிர் ஏற ஏற தோலுக்கடியில ரத்தக் குழாய் சுருங்கும், ரத்தம் உள்ளே ஒதுங்கும், சிறுநீரகம் தண்ணியைக் கூடுதலா வெளியேத்தும். உடம்போட இயல்பு அது. நான் குடிக்காம வந்தாலும் உடம்பு கேட்காது. 14 ஹேர்பின் வளைவு, லீவு நாள்ன்னா பர்லியாறுலேருந்தே வண்டி நகராது. "இன்னும் அரை மணி நேரந்தாம்மா, குன்னூர் வந்துடும்"ங்கிறார் அவர். பள்ளத்தாக்குல மேகம் எறங்குறதைக் காட்டுறார். நான் எதைப் பார்க்கிறது? அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு மேகம் தெரியுமா?

போன தடவை ஒரு டீக்கடையில நிறுத்தச் சொன்னேன். பாத்ரூம் கஸ்டமருக்கு மட்டும்னாங்க. சரின்னு ரெண்டு டீ வாங்கினோம். அப்புறம்தான் சொல்றாங்க, தண்ணி வரலை, பூட்டி வச்சிருக்கோம்னு. அடுத்து ஒரு பெட்ரோல் பங்க். பங்க்ல கழிப்பறை இருக்கணும்ங்கிறது எண்ணெய் நிறுவனங்களோட விதி. இருந்துச்சு. 'ஸ்டாஃப் மட்டும்'னு எழுதி இருந்துச்சு. கடைசியா ஒரு கட்டணக் கழிப்பறை. பெண்கள் பக்கம் பெரிய பூட்டு. சாவி வச்சிருக்கிறவர் சாப்பிடப் போயிருக்காராம். ஆண்கள் பக்கம் திறந்துதான் கிடந்துச்சு. அவருக்கு மட்டும் பசிக்கும், எங்களுக்கு எதுவும் வராதா?

அரை மணி நேரம் கழிச்சு சாவி வந்துச்சு. உள்ளே தாழ்ப்பாள் இல்லை. லைட் இல்லை. ஒரு கையில செல்போன் வெளிச்சம், ஒரு கையில கதவு. மூட்டு வலி இருக்கிற வயசானவங்க என்ன பண்ணுவாங்க? மாசத்துல அந்த நாளா இருந்தா என்ன பண்றது? ஊர் திரும்பினதும் நீர்க்கடுப்பு, டாக்டர், மாத்திரை. "ஏம்மா தண்ணி குடிக்கறதில்லை?"ன்னு டாக்டர் கேட்கிறார். நான் என்னன்னு சொல்ல?

முடியாத காரியமா இது? நீலகிரியில நெனச்சா முடியும்ங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வரக்கூடாதுன்னாங்க, செக்போஸ்ட்ல நிறுத்தி எடுத்துடுறாங்க. பதிலுக்கு ரோட்டோரம் வாட்டர் ஏடிஎம் வச்சாங்க. காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய்ங்கிற திட்டம் 2022-ல இங்கதான் ஆரம்பிச்சுது. காட்டுல உடைஞ்ச கண்ணாடி யானை கால்ல குத்தக்கூடாதுன்னு யோசிச்சாங்க. ரொம்ப சரி. அதே அக்கறையில கொஞ்சம் மனுஷிக்கும் வேணும்.

ஊட்டிக்கு வர்ற வண்டிக்கான இ-பாஸையே எடுத்துக்குங்க. ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7-லேருந்து வந்துச்சு. வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள், எங்க தங்குறீங்க, எல்லாம் முன்கூட்டியே கேட்டு வாங்குறாங்க. 2025 கோடையில வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு கணக்கே நிர்ணயம் பண்ணியாச்சு. இத்தனை பேர் வர்றாங்கன்னு முதல் நாளே தெரியுது. அதுல எத்தனை கழிப்பறை வேணும்னு கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? செல்ஃபி பாயின்ட் கட்டத் தெரிஞ்ச நாட்டுல ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியாதா?

கோத்தகிரி பக்கம் ரோட்டோரம் தேயிலை பறிச்சுக்கிட்டிருந்த ஒரு அக்காகிட்ட இதைச் சொல்லிப் புலம்பினேன். "நீ ஒரு நாள் வந்துட்டுப் போற கண்ணு, எங்களுக்கு தெனமும் இதேதான்"னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. தோட்டத்துல ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்கணும்னு 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிச்சு. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. செக்போஸ்ட்ல பனியில நாள் பூரா நிக்கிற பெண் போலீஸ், ரோட்டோரம் கேரட் விக்கிற பாட்டி, இவங்கெல்லாம் எங்க போவாங்க? யாராவது கேட்டிருக்கோமா?

பெரிசா ஒண்ணும் வேண்டாம். எந்தெந்த இடத்துல பெண்கள் கழிப்பறை திறந்திருக்குன்னு இ-பாஸ் கூடவே ஒரு லிஸ்ட் கொடுங்க. தண்ணி, தாழ்ப்பாள், விளக்கு மூணும் இருக்கட்டும். அதைச் சுத்தம் பண்றவங்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்க, அது இல்லாம எந்தக் கழிப்பறையும் ஒரு மாசம் தாண்டாது.

வண்டி ஓட்டிக்கிட்டுப் போற அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க வாய் திறந்து கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. நீங்களே நிறுத்துங்க. பெண்கள் பக்கம் பூட்டியிருந்தா நீங்க இறங்கிப் போய், சாவி எங்கேன்னு சத்தமா கேளுங்க.