வைரஸ் மாறுவது ஜனாஸாவில் அல்ல

நிலத்தடி நீரில் கொவிட் பரவுமாம்! 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் கைவிட்டார்கள்.

வைரஸ் பெருகுவதும் மாறுவதும் உயிருள்ள கலத்தில் மட்டுமே. தென்னாபிரிக்காவில் எச்.ஐ.வி. கட்டுப்படாத ஒரு பெண்ணின் உடலில் கொவிட் வைரஸ் 216 நாட்கள் தங்கி, 30க்கு மேற்பட்ட மாற்றங்களைப் பெற்றது. எதிர்ப்புச் சக்தி அரைகுறையாக இருந்தால் வைரஸ் முழுதாக அழியாது. அதற்குத் தப்பும் வகையே தேறும்.

அதற்காக நோயாளியைப் பழிப்பதா? பழி சுமந்த நாங்களே அதைச் செய்யலாமா?

தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கு மருந்தேற்றுபவர், சிறுநீரகம் மாற்றியவர், இவர்களுக்குத் தடுப்பூசியும் மருந்தும் முதலில் கிடைக்கவேண்டும். அதை அரசிடம் கேட்போம். நாங்கள் செய்யவேண்டியதும் உண்டு: நோய் விசாரிக்கப் போவது சுன்னத்து, இருமலோடு போவது சுன்னத்தல்ல.