நடந்து திரட்டும் நிதி

"தர்மத்திற்குப் பணம் வேண்டுமானால் பணத்தைக் கேட்டால் போயிற்று. அதற்காக ஒருவன் கால் கொப்பளிக்க நடப்பானேன்?"

காரைக்குடியில் சென்ற வாரம் நம்மிடம் இவ்வாறு வினவியவர் வயது முதிர்ந்த ஒரு கனவான். கேட்டவர்க்கெல்லாம் இல்லையென்னாது கொடுத்த கை அவருடையது. ஆகவே இது கொடுக்க மனமில்லாதவனின் சாக்கு அன்று. பதில் பெறத் தக்க கேள்வி. வாலிபர் சிலர், ஏழை மாணாக்கரின் கல்விச் செலவுக்கு நிதி சேர்க்க நெடுந்தூரம் நடப்பதாகவும், தாங்கள் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று தெரிந்தவர்கள் கையெழுத்திட வேண்டுமென்றும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்ததுதான் அவருடைய ஐயத்துக்குக் காரணம்.

இம்முறை மேல் நாடுகளில் பழகிப் போனது. ஹாங்காங்கில் 1981-ம் வருஷம் கூர்க்கா சிப்பாய்களின் பயிற்சியாகத் தொடங்கிய நூறு கிலோமீட்டர் மலைநடை, 1986 முதல் பொதுஜனங்களும் சேர்ந்து தர்மத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாக மாறிற்று. பம்பாயில் 2004-ல் ஆரம்பமான மாரத்தான் ஓட்டத்தில், ஓடுவோரில் பலர் ஏதேனும் ஒரு தொண்டு ஸ்தாபனத்தின் பெயரால் நிதி சேர்த்தே ஓடுகிறார்கள். ஆனால் இதைப் பரதேசத்துச் சரக்கு என்று செட்டிநாட்டார் சொல்வது பொருந்துமா? தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடியுடன் நடக்கும் நகரத்தாரின் யாத்திரை நானூறு ஆண்டு வழக்கமென்று மரபு கூறுகிறது. போவது மட்டுமன்று, காவடி எடுத்தவர்கள் திரும்புவதும் நடையாகவே. வழியெங்கும் அன்னமிடுவோரும் மோர் வார்ப்போரும் அந்நடையில் பங்கு கொள்ளுகிறார்கள். நடக்க இயலாதவன் நடப்பவனுக்கு உபசாரம் செய்து அப்புண்ணியத்தில் கூட்டாளியாகலாம் என்ற கருத்து இம்மண்ணுக்குப் புதியதன்று. வியாபாரத்தில் வரும் ஆதாயத்தில் ஒரு பங்கை மகமையென்று ஒதுக்கிப் பேரேட்டில் தனிக் கணக்கு எழுதியதும் இதே ஜனங்கள்தாம். நடையும் இங்கே உண்டு, மகமையும் இங்கே உண்டு. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாலிபர்கள் வந்ததுதான் புதிது.

இனி, ஏன் நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். ஒரு தனவந்தர் ஒரு கையெழுத்தில் ஒரு கல்லூரியைக் கட்டிய காலத்தில் இந்தக் கேள்வி எழவேயில்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். தாம் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கென ஈந்து, 1957-ல் நாற்பத்தெட்டு வயது நிரம்புவதற்கு ஒரு நாள் இருக்கையில் அவர் காலமானார். அத்தகையவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் வாலிபர் நடக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் செல்வத்தின் ஊற்று எங்கே போயிற்று என்பதை நாம் மறைப்பதற்கில்லை. 1937-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. குடியானவன் கடனைத் தீர்க்க முடியாமல் இழந்த நிலம் அது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1942-ல் ஜப்பானியர் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே தாய்நாடு வந்தனர். வழியில் மடிந்தவர் ஆயிரமாயிரம். பின்னர் பர்மா சுதந்திரம் பெற்று நிலங்களைச் சர்க்கார் உடைமையாக்கிற்று. இன்று கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. பல வீடுகளின் கதவுகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் திறக்கின்றன. லட்சம் கொடுக்கும் ஒருவரை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பதைவிட, நூறு ரூபாய் கொடுக்கும் ஆயிரம் பேரைத் தேடிப் போவதே இனி வழி. அவர்களை எப்படித் தேடுவது என்பதற்கு விடைதான் இந்த நடை.

கானடா தேசத்தில் டெர்ரி ஃபாக்ஸ் என்றொரு வாலிபன் இருந்தான். 1977-ல், பதினெட்டாம் வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தான். ஆஸ்பத்திரியில் தன்னோடு கிடந்த சிறுவர்களின் துயரம் அவனை விடவில்லை. ஜனத்தொகை இரண்டு கோடியே நாற்பது லட்சம். தலைக்கு ஒரு டாலர் கிடைத்தால் ஆராய்ச்சிக்குப் போதும் என்று எண்ணினான். 1980 ஏப்ரல் 12-ல் நியூபவுண்ட்லாந்துத் தீவின் கிழக்குக் கரையில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். ஆரம்பத்தில் அவனைக் கவனித்தவர் சொற்பம். சில ஊர்களில் யாரும் வரவேயில்லை. ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒரு மாரத்தான் தூரம் வீதம் நூற்று நாற்பத்து மூன்று நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1-ம் தேதி நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் நின்றான். மறு ஆண்டு பிப்ரவரிக்குள் சேர்ந்த தொகை 2 கோடியே 41 லட்சம் டாலர். தலைக்கு ஒரு டாலர் கிடைத்தே விட்டது. ஜூன் 28-ல் அவன் இறந்தபோது வயது இருபத்திரண்டு. அவன் பெயரால் நடக்கும் ஓட்டம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது.

அவன் வீட்டிலிருந்தபடியே ஒரு வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பியிருந்தால் எத்தனை டாலர் வந்திருக்கும்? நமது முதிய நண்பர் இதை யோசிக்க வேண்டுகிறோம். கேட்கிறவன் தன் உடம்பை முதலில் ஈடு வைக்கிறான். பிறகுதான் நம் பையைத் திறக்கச் சொல்லுகிறான். மகாத்மா காந்தியும் 1933 நவம்பர் முதல் 1934 ஆகஸ்டு வரை ஹரிஜன நிதிக்காக 12,500 மைல் சுற்றி எட்டு லட்சம் ரூபாய் திரட்டினார். தம் கையெழுத்தை ஐந்து ரூபாய்க்கு விற்றார். தந்த மாலைகளையும் ஏலம் போட்டார். ஒரிஸ்ஸாவை அடைந்ததும் மோட்டாரையும் ரயிலையும் விட்டுக் கால்நடையாகவே கிராமங்களுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு.

நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. 2011 ஜூலையில் இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறைக்கு, இருபத்தேழு நாட்களில் 670 கிலோமீட்டர் நடந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுப்புவதற்கு நிதி சேர்த்த நடை அது. யுத்தம் முடிந்து இரண்டே வருஷம். சிங்களரும் தமிழரும் சேர்ந்து நடந்தனர். 2016-ல் திசையை மாற்றிப் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலிக்கு அருகே கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்த்தார்கள். அரசியல்வாதிகள் செய்ய மறந்த ஒரு காரியம் அந்தச் சாலையில் நடந்தது என்பது நம் அபிப்பிராயம்.

தொழிலால் நாம் வக்கீல் ஆனபடியால் இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறோம். நன்கொடை தருவதாகச் சபையில் வாக்களித்துவிட்டுப் பின்னர் கைவிரிப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அத்தகைய ஒருவரிடம் வசூலிக்க முடியாமல் ஒரு பள்ளிக்கூடக் கமிட்டியார் நம்மிடம் வந்து, வழக்குப் போட முடியுமா என்று கேட்டதுண்டு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, பிரதிபலன் இல்லாத வெறும் வாக்கு கோர்ட்டில் நிற்காது. மசூதி பழுது பார்க்க ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்லித் தராதவர்மீது தொடுத்த வழக்கை, வேலை எதுவும் தொடங்கவில்லை என்ற காரணத்தால் 1914-ல் அலகாபாத் ஹைகோர்ட்டார் ஏற்கவில்லை. ஆனால் ஹௌரா நகர மண்டபத்துக்கு நூறு ரூபாய் கையெழுத்திட்டவர், அதை நம்பிக் கட்டட வேலைக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டுவிட்டதால் கொடுத்தே தீரவேண்டும் என்று 1886-லேயே கல்கத்தா ஹைகோர்ட்டார் தீர்ப்புச் செய்தார்கள். 'நீ நட, நான் தருகிறேன்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்து, வாலிபனும் நடந்து முடித்துவிட்டால் அவன் நடையே பிரதிபலனாகிறது என்று வாதாட நமக்கு இடமுண்டு. யாரும் வாலிபர்களை முன்சீப் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டாம். கையெழுத்திடும் கனவான்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு குற்றங்களையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். இந்தியாவிலும் பர்மாவிலும் போர் புரிந்த காப்டன் டாம் மூர் 2020-ல், நூறாவது பிறந்த நாளுக்கு முன் தம் தோட்டத்தில் நூறு முறை நடப்பதாகச் சொல்லி ஆயிரம் பவுன் கேட்டார். மூன்று கோடிக்கு மேல் குவிந்தது. அது ஆஸ்பத்திரிகளின் தர்ம நிதிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பின்னர் அவர் பெயரால் வேறாக ஏற்பட்ட தர்ம ஸ்தாபனத்தில் அவர் குடும்பத்தார் சொந்த லாபம் அடைந்தார்கள் என்று அந்நாட்டு தர்ம கமிஷன் 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. கிழவர் நடந்த நடையில் களங்கமில்லை. கணக்கு எழுதிய இடத்தில் வந்தது. நம்மூரிலும் பனியனுக்கும் பதக்கத்துக்கும் பந்தலுக்கும் பாதித் தொகை போய், மீதியில் படம் பிடிப்பவர் கூலி போக மாணாக்கனுக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் கிடைக்குமானால் அதற்கு நடை எதற்கு? வரவும் செலவும், நடை முடிந்த முப்பது நாளுக்குள் அச்சிட்டு ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட வேண்டும். அதற்கு இணங்காதவர்களின் தாளில் ஒருவரும் கையெழுத்திட வேண்டாம்.

உயிர்ச் சேதமும் வரக்கூடாது. ஃபௌஜா சிங் என்ற பஞ்சாபிப் பெரியவர், எண்பத்தொன்பதாம் வயதில், 2000-ல், குறைமாதக் குழந்தைகளுக்கான ஒரு தர்மத்துக்காக லண்டன் மாரத்தானை ஓடினார். அதன் பின்னும் பல ஓட்டங்கள் ஓடியவரை 2025 ஜூலையில், நூற்றுப் பதினான்காம் வயதில், சொந்தக் கிராமத்துச் சாலையில் ஒரு வாகனம் மோதிக் கொன்றது. பழனிச் சாலையிலும் இருட்டில் நடந்த பக்தர்கள் மாண்ட செய்தியை இப்பத்திரிகையே பிரசுரிக்க நேர்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் நடப்பதும், பயிற்சியில்லாதவன் வீறாப்புக்காக நூறு கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுப்பதும் வீரமல்ல. மூன்று மாதமாவது படிப்படியாகத் தூரத்தைக் கூட்டிப் பழகியவனே கையெழுத்து வாங்கத் தகுதியுடையவன்.

சர்க்கார்தான் உதவித் தொகை தருகிறதே என்று சிலர் சொல்லுகிறார்கள். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் 2022-லும், ஆண்களுக்கு 2024-லும் தொடங்கப்பட்டன. அவற்றை நாம் வரவேற்றோம். ஆயினும் கல்லூரியில் சேருகிற முதல் வாரத்தில் ஹாஸ்டல் முன்பணம் கட்ட வேண்டும். அந்த ஆயிரம் வருவதோ பிறகு. சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் நன்றாகத் தேறிய பையன், அந்த முதல் வாரத்தைக் கடக்க வழியில்லாமல் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போக ஏஜண்டிடம் கடன் வாங்குகிறான். படிப்புக்குக் கிடைக்காத கடன் பிரயாணத்துக்குக் கிடைக்கிறது! வாலிபர்கள் திரட்ட நினைக்கும் நிதி இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் பயன்பட்டாலும் போதும்.

பழனி யாத்திரையோடு இதைக் கலக்க வேண்டாமென்பது நம் யோசனை. பிரார்த்தனை வேறு, வசூல் வேறு. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியே சிராவயல் வரை சென்று திரும்புவது போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேலாகும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது சரியான தூரம். 1927-ல் காந்தியடிகள் தேடி வந்து, ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இருபது வயது வாலிபர் ஜீவானந்தத்தைச் சந்தித்த ஊர் அது. மார்கழிக் கடைசியில், வெயிலுக்கு முன் புறப்பட்டால், மாலைக்குள் திரும்பலாம். நூறு கிலோமீட்டரைப் பற்றி அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம்.

நம் முதிய நண்பரிடம் இவ்வளவையும் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்து, "கணக்கை யார் எழுதுவது?" என்று கேட்டார். தாங்களே எழுத வேண்டும் என்றோம். தாளை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இப்பத்திரிகாலயத்திலிருந்து அச்சுக் கோப்பவர் இருவரும் உப பத்திரிகாசிரியர் ஒருவரும் நடக்கப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய நம் முழங்கால் குன்றக்குடி வரை உத்தரவாதம் தருகிறது. அதற்கு மேல் வாக்களிக்க நமக்குத் துணிவில்லை. கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் வீதம் மூவருக்கும் நாம் கையெழுத்திட்டிருக்கிறோம்.