கணக்குப் பார்க்கிறவர்களின் குடும்பம்

கணக்குப் பரிசோதகர்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதப்போகிறோம் என்றதும் நேயர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆடிட்டர் என்பவர் வரிக் கெடு நெருங்கும்போது மட்டும் ஞாபகத்துக்கு வருகிறவர். மற்றச் சமயங்களில், பல் வைத்தியரைப் போல, அவரை மறந்திருப்பதே சௌக்கியம். மேலும், நம் வீட்டு மளிகைக் கணக்கே மாதக் கடைசியில் நாற்பது ரூபாய் குறைகிறது. அந்த நாற்பது ரூபாய் போன வழி இன்று வரையில் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியிருக்க, ஊரார் கணக்கைப் பார்க்கிறவர்களைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நாம் எழுதப்போவது கணக்கைப் பற்றி அல்ல. கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு கூரையின் கீழ்க் கூடி வாழும் விதத்தைப் பற்றி.

சென்ற மாதம் அருவங்காட்டுக்குப் போயிருந்தோம். குன்னூரிலிருந்து மலை ரயிலில் ஏறினால் வெலிங்டனுக்கு அடுத்த ஸ்டேஷன். நம்மிடம் பத்தாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் அங்கே இருக்கிறான். அவனுடைய பாட்டனார் கார்டைட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையனோ குன்னூரில் ஓர் ஆடிட்டர் காரியாலயத்தில் பயிற்சி பெற்று வருகிறான். வாசலில் நம்மைக் கண்டதும், "வாங்க ஸார், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அதனால்தான் என்னை வீட்டில் பார்க்கிறீர்கள்!" என்றான்.

அவன் வேலை செய்யும் காரியாலயம் ஒரு காலத்தில் கடைத்தெருவில் ஒரு மாடி அறை. ஓர் ஆடிட்டர், இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு மேஜை. இன்று நாற்பது பேர்; கோயமுத்தூரில் ஒரு கிளையும் உண்டு. இந்த வளர்ச்சிக்குக் காரணம் தெரிந்ததுதான். 1984இல் வந்த சட்டத்தின்படி, ஆண்டு விற்பனை ஓர் அளவைத் தாண்டிய வியாபாரிகள் வரிக்காகத் தனியே தணிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2017 ஜூலை 1ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. பசுந்தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகள், விடுதிகள், காய்கறி மண்டிகள் எல்லாருக்கும் மாதந்தோறும் ஆடிட்டர் வேண்டியவரானார்.

"எங்கள் ஆபீஸில் பொங்கல், ஆயுத பூஜை, கிரிக்கெட் பந்தயம், வருஷத்துக்கு ஓர் உல்லாசப் பிரயாணம் எல்லாம் உண்டு, ஸார். நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்பார் பெரியவர்" என்றான் பையன்.

இந்தக் 'குடும்பம்' என்ற வார்த்தையை யார் சொன்னாலும் நமக்குச் சற்றுச் சந்தேகம் உண்டாவது வழக்கம். குடும்பம் என்று சொல்லி நேரங்காலம் இல்லாமல் வேலை வாங்குகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, "உங்கள் குடும்பத்தில், கடைக்குட்டி எழுந்து 'அப்பா, இது தப்பு' என்று சொல்லலாமா?" என்று கேட்டோம்.

பையன் சிறிது யோசித்தான். பிறகு ஒரு சம்பவத்தைச் சொன்னான்.

மார்ச் கடைசியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குச் சரக்கு இருப்பு எண்ண அனுப்பியிருந்தார்கள். ஏட்டில் கண்டதைவிடக் கிடங்கில் 62 மூட்டை குறைந்தது. இவன் திரும்ப எண்ணினான். அப்போதும் 62 குறைந்தது. உடன் வந்த மூத்தவரிடம் சொன்னான். அவர், "போன வருஷத்துத் தாளைப் பார்த்து அதே மாதிரி எழுதிவிடு, தம்பி. இன்னும் ஏழு கம்பெனி காத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காரியாலயத்தில், மூன்று பேராக இருந்த நாள் முதல் ஒரு வழக்கம் நடந்து வருகிறது. மத்தியானம் எல்லாரும் ஒரே மேஜையில் டிபன் பெட்டியைத் திறப்பார்கள். பெரியவரும் அங்கேதான் சாப்பிடுவார். ஆட்கள் பெருகியபின் மேஜைகளைச் சேர்த்துப் போட்டார்களேயொழிய வழக்கத்தை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் பெரியவர், இருப்பவர்களில் இளையவரைப் பார்த்து, "இன்றைக்கு உன் சந்தேகம் என்ன?" என்று கேட்பார். அன்று முறை இவனுடையது. மூத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். இவன் தயங்கித் தயங்கி 62 மூட்டையைச் சொன்னான்.

அன்று சாயங்காலமே பெரியவர் இவனை அழைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். மூட்டைகள் திருட்டுப் போகவில்லை. மார்ச் 29ந் தேதி ஏலத்துக்காகக் குன்னூர்க் கிடங்குக்கு அனுப்பப்பட்டிருந்தன. அனுப்பிய சீட்டு வேறொரு கட்டில் கிடந்தது. பையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் மேஜையில் பெரியவர் சொன்னாராம்: "நேற்று இரண்டு தவறு நடந்தது. சீட்டு எங்கே என்று கேட்காமலே பயந்துவிட்டது ஒன்று. பார்க்காமலே சரி என்று எழுதச் சொன்னது ஒன்று. முதல் தவறு அனுபவத்தில் போய்விடும். இரண்டாவது, வயது ஏற ஏற வளரும்."

மூத்தவரை நாற்பது பேர் நடுவில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியுமல்லவா? அவர் ஒரு வாரம் இவனோடு பேசவில்லை. ஆனால் அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில், வரித் தணிக்கைக் கெடுவுக்காக இரவில் வேலை செய்து கடைசி பஸ்ஸும் போய்விட்டபோது, மழைத் தூற்றலில் தம் மோட்டார் சைக்கிளில் இவனை அருவங்காட்டு வீட்டு வாசல் வரையில் கொண்டுவந்து விட்டவர் அவரேதான். "வழியில் டீ வாங்கிக் கொடுத்து, 'இனிமேல் என்னிடமே இரண்டு தடவை சொல்லு. இரண்டாவது தடவை கேட்பேன்' என்றார், ஸார்" என்று சொல்லிப் பையன் சிரித்தான்.

திண்ணையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டனார் வாய் திறந்தார். "மருந்து வேலையில் புதிதாக வந்த ஆள் 'ஏதோ வாடை வருகிறது' என்றால் மேஸ்திரி சிரிக்கமாட்டார். முதலில் வேலையை நிறுத்துவார். பத்துத் தடவை ஒன்றும் இராது. அதற்காகப் பதினோராவது தடவை சும்மா இருக்க முடியுமா?"

பெரியவர் சொன்னது நம் மனத்தை விட்டு அகலவில்லை. 1904ஆம் ஆண்டு முதல் வெடிமருந்து செய்துவரும் ஆலை அது. ஆரம்ப காலத்தில் காட்டேரி அருவியில் எடுத்த மின்சாரத்தால் ஓடியது. ஒருவனுடைய கவனக்குறைவு பக்கத்திலிருப்பவன் உயிரைக் குடித்துவிடும் தொழில். ஆகவே அங்கே கூட்டுறவு என்பது உபந்நியாச விஷயம் அல்ல. 2021 அக்டோபர் 1ந் தேதி முதல் அந்த ஆலை முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசாங்கக் கம்பெனியில் ஓர் அங்கமாகிவிட்டது. கம்பெனி என்றால் ஐந்தொகை உண்டு. அதைத் தணிக்கை செய்ய ஆடிட்டரும் உண்டு. அரசாங்கக் கம்பெனிக்கு அவரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி. பாட்டனாரின் தொழிலும் பேரனின் தொழிலும் இப்படி ஓரிடத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

ஆடிட்டர் என்ற சொல்லுக்கே 'கேட்பவர்' என்றுதான் பொருள். லத்தீன் பாஷையிலிருந்து வந்த சொல். எழுத்தறிவு அருகியிருந்த காலத்தில் கணக்கை உரக்க வாசிக்க, ஒருவர் உட்கார்ந்து காதால் கேட்டுச் சரிபார்ப்பார். நம் நாட்டிலும் இந்த விஷயம் புதிதல்ல. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று அவை விதிக்கின்றன. கணக்குக் காட்டுவதை அன்றே சமூக வாழ்வின் ஆதாரமாக வைத்திருக்கிறார்கள்.

யாருடைய குரலைக் கேட்பது என்பதில்தான் ஒரு ஸ்தாபனத்தின் தரம் தெரிகிறது. சென்னைப் பட்டணத்தில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 1907இல் பிறந்த ஆர். சிவபோகம் அம்மையார் சகோதரி சுப்புலட்சுமியின் ஆதரவில் வளர்ந்தவர், கதர் உடுத்தவர், தேச விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டு சிறையிலிருந்தவர். வெளியே வந்ததும் கணக்குத் தணிக்கைத் தொழிலைக் கற்க விரும்பினார். பெண்கள் இந்தத் தொழிலில் இல்லாத காலம் அது. போதாக்குறைக்கு இவர் ஜெயிலிலிருந்து வந்தவர். இப்படிப்பட்டவரைத் தம் காரியாலயத்தில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார் ஆடிட்டர் ஸி. எஸ். சாஸ்திரி. 1933இல் அம்மையார் பரீட்சையில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காயராகப் பதிவு செய்துகொள்ளக்கூடாது என்று வெள்ளைக்காரச் சர்க்கார் தடை போட்டிருந்தது. அதையும் எதிர்த்து வழக்காடி வென்றார். 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் அவரே. சுதந்திர இந்தியாவின் கணக்காயர் சட்டம் 1949 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்கீழ் ஏற்பட்ட தென்னிந்திய வட்டாரக் கவுன்ஸிலுக்கு 1955 முதல் 1958 வரையில் அவர் தலைமை வகித்தார். ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "உட்கார், கற்றுக்கொள்" என்று ஒருவர் சொன்னதால் தேசத்துக்குக் கிடைத்த லாபம் இவ்வளவு.

ஸ்தாபனம் சிறிதாக இருக்கும்போது இப்படி நாற்காலி போடுவது எளிது. பெரிதானால் என்ன ஆகிறது? ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் தலைவர் 2009 ஜனவரி 7ந் தேதி ஒரு கடிதம் எழுதினார். கையிலும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டிய பணத்தில் சுமார் 5,040 கோடி ரூபாய் பொய் என்று அதில் ஒப்புக்கொண்டார். அதைத் தணிக்கை செய்தவர்கள் உலகப் பெயர் பெற்ற ஸ்தாபனத்தின் இந்தியக் கிளையினர். வங்கிக்கு எழுதிப் பதில் பெறும் வேலையைத் தணிக்கை செய்யப்படுகிற கம்பெனிகளிடமே அவர்கள் விட்டுவிடுவது வழக்கமாயிருந்தது என்று 2011இல் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் கமிஷன் கண்டது. ஒரு தபால் உறையைத் தாமே ஒட்டித் தாமே பிரித்திருந்தால் போதும். 'போன வருஷம் மாதிரியே' என்ற மந்திரம் அங்கேயும் ஓதப்பட்டிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாயிருக்கிறது. 2024 ஜூலையில், புணேயில் ஒரு பெரிய கணக்காயர் ஸ்தாபனத்தில் சேர்ந்து நாலே மாதம் ஆன இருபத்தாறு வயதுக் கேரளப் பெண் இறந்துபோனாள். வேலைப்பளுவே தன் மகளைக் கொன்றது என்று தாயார் ஸ்தாபனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். வேலைப்பளு காரணமல்ல என்று ஸ்தாபனம் மறுத்தது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதியல்ல. ஆனால் அந்தத் தாயார் எழுதிய ஒரு விஷயத்தை யாரும் மறுக்கவில்லை: பெண்ணின் இறுதிச் சடங்குக்குக் காரியாலயத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. தலைவரே பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்தார். அந்தக் காரியாலயத்திலும் விழாக்கள் நடந்திருக்கும், பந்தயங்கள் நடந்திருக்கும், குடும்பம் என்ற வார்த்தையும் வழங்கியிருக்கும். நம் வீடுகளில் துக்கம் என்றால் அழையாமலே போகிறோம். அந்த மரியாதையைக்கூடச் செய்யாத இடத்தை எந்தப் பெயரால் அழைத்து என்ன பிரயோசனம்?

உல்லாசப் பிரயாணமும் கிரிக்கெட் பந்தயமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாலிபர்கள் ஓடி ஆட வேண்டியதுதான். ஆனால் அவை பாயசம் போன்றவை. இலையில் சோறு விழுந்த பிறகு பாயசம் வரட்டும். மூத்தவர் இளையவருக்கு ஒதுக்கும் நேரம், வேலை ஏவுகிறவர் கடைசி பஸ் எப்போது என்று தெரிந்துவைத்திருப்பது, தப்பாயிருந்தாலும் ஒரு சந்தேகத்தைப் பொறுமையாகக் கேட்பது, இவைதாம் சோறு. நாற்பது பேர் நானூறு பேரானால் ஒரே மேஜை போதாது என்பது வாஸ்தவம். பத்து மேஜை போடலாம்; ஒவ்வொன்றிலும் கேட்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கலாம்.

பிள்ளையையோ பெண்ணையோ ஆடிட்டரிடம் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக் காலம் மூன்று ஆண்டாக இருந்தது. 2023 முதல் சேருகிறவர்களுக்கு இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. கற்க வேண்டியது குறையவில்லை. ஆகவே கற்பிக்கிறவர் யார் என்பது முன்னைவிட முக்கியம். காரியாலயம் எத்தனை மாடி, உதவித்தொகை எவ்வளவு என்று விசாரியுங்கள்; தவறில்லை. அதோடு, பெரியவர் யாரோடு சாப்பிடுகிறார் என்றும் விசாரியுங்கள்.

நாம் விடைபெறும்போது பையன் பஸ் நிற்கும் இடம் வரையில் வந்தான். அடுத்த மாதம் புதிதாக ஒரு பெண் பயிற்சிக்கு வருகிறாளாம். "இனிமேல் நான் கடைக்குட்டி அல்ல, ஸார். மேஜையில் என் முறை போய்விட்டது" என்றான், கொஞ்சம் வருத்தத்துடன்.

"அந்தப் பெண் ஏதாவது தப்பாகச் சந்தேகப்பட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டோம்.

"கூடப் போய் எண்ணுவேன், ஸார்" என்றான்.